டிட் வந்தபின் வென்ட் எதற்கு?

அன்புள்ள ஐயா,

மூன்று மாதமாக ஆங்கில இலக்கணம் படிக்கிறேன். பன்னிரண்டு காலங்களின் அட்டவணை மனப்பாடம். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் நிரப்பிவிடுவேன். ஆனால் நேற்று ஒருவரிடம் “டிட் யூ வென்ட் தேர்?” என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். நாற்பது வயதில் இனி எனக்கு ஆங்கிலம் வருமா? அட்டவணையை முதலிலிருந்து படிக்கட்டுமா? ‘ஏ’, ‘த’ எங்கே போடுவது, பாசிவ் வாய்ஸ் எப்போது படிப்பது, எந்தப் புத்தகம் நல்லது என்றும் சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்த வயதுக் கேள்வியை இனி யாரிடமும் கேட்காதீர்கள். நீங்கள் கேட்டது அவருக்குப் புரிந்துதானே சிரித்தார்? புரிந்தபின் பதில் சொல்வதுதான் மரியாதை. புத்தகம் எதுவானாலும் சரி, கையில் இருப்பதை முதலில் முடியுங்கள். பாசிவ் வாய்ஸ் காத்திருக்கட்டும். ‘ஏ’, ‘த’ விட்டுப்போனால் பெரும்பாலும் பொருள் கெடாது. முதன்முதலாகச் சொல்லும் ஒரு பொருளுக்கு ‘ஏ’, எது என்று கேட்பவருக்கும் தெரிந்த பொருளுக்கு ‘த’. இப்போதைக்கு இவ்வளவு போதும்.

இதை எழுத உட்கார்ந்தது அந்த வென்ட்டுக்காக. தமிழர் ஆங்கிலத்தில் ஏன் சரியாக இந்த இடத்தில் தடுக்கி விழுகிறோம் என்பதைத்தான் கொஞ்ச நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

‘போனாயா’ என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். ‘போ’ வினை. ‘ன்’ இறந்தகாலம். ‘ஆய்’ என்பது நீ. கடைசி ‘ஆ’ கேள்வி. எல்லாம் வினையின் வாலில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேள்வி சேர்ந்ததால் காலம் இடம் மாறவில்லை. ‘போனாய்’ அப்படியே இருக்க, ‘ஆ’ மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது. இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகிறோம். ‘யூ வென்ட்’ இருக்கிறது, முன்னால் ‘டிட்’ என்று ஒரு கேள்விச் சொல்லை ஒட்டினால் முடிந்தது என்று மனம் கணக்குப் போடுகிறது. தமிழ்க் கணக்கில் அது சரி.

ஆங்கிலத்தில் ‘டிட்’ வெறும் கேள்விச் சொல் இல்லை. அது காலத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது. ‘வென்ட்’ என்பது ‘டிட்’டும் ‘கோ’வும் ஒன்றாய்க் கலந்த சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்கும்போதும் மறுக்கும்போதும் அது பிரிகிறது. காலம் ‘டிட்’ ஆகி முன்னே போய்விடும், பின்னால் மிஞ்சுவது வெறும் ‘கோ’. டிட் யூ கோ? ஐ டிட்ன்ட் கோ.

நிகழ்காலத்தில் இது இன்னும் தெளிவாகக் கண்ணுக்குத் தெரியும். ‘ஷீ வொர்க்ஸ் ஹியர்.’ வினையின் வாலில் ஒரு ‘ஸ்’. கேள்வியாக்குங்கள்: ‘டஸ் ஷீ வொர்க் ஹியர்?’ அந்த ‘ஸ்’ எங்கே போயிற்று? ‘டூ’வின் மேல் ஏறி ‘டஸ்’ ஆகிவிட்டது. இருப்பது ஒரே ஒரு ‘ஸ்’. ‘டஸ் ஷீ வொர்க்ஸ்’ என்றால் அதை இரண்டு முறை செலவழிக்கிறீர்கள்.

ஒரு வினைத்தொடரில் காலம் ஒரே ஒரு இடத்தில்தான் உட்காரும்; முதலில் நிற்கும் வினைச்சொல்லில். பின்னால் வருபவை எந்த உருவில் வரவேண்டும் என்பதை அதனதன் முன்னால் நிற்கும் சொல் முடிவு செய்யும். டூ, டஸ், டிட், கேன், வில், மஸ்ட் இவற்றுக்குப் பின்னால் வெறும் வினை. ஹேவ், ஹாஸ், ஹாட் வந்தால் மூன்றாம் வடிவம்: கான், ரிட்டன், சீன். யாம், இஸ், ஆர், வாஸ், வேர் வந்தால், பாசிவ் வாய்ஸை ஒதுக்கிவிட்டால், ‘இங்’ சேர்ந்த வினை.

உங்களைப் பயமுறுத்தும் ‘ஷீ வில் ஹேவ் பீன் வொர்க்கிங்’ என்பதையே எடுங்கள். ‘வில்’ வந்ததால் அடுத்தது ‘ஹாஸ்’ ஆகாமல் வெறும் ‘ஹேவ்’. ‘ஹேவ்’ வந்ததால் ‘பி’ மூன்றாம் வடிவம் எடுத்து ‘பீன்’. ‘பீன்’னும் யாம், இஸ் குடும்பம்தான், அது வந்ததால் ‘வொர்க்கிங்’. பன்னிரண்டு கட்டங்களை மனப்பாடம் செய்ய வைத்து இந்த மூன்று பிணைப்புகளைச் சொல்லாமல் விடுகிறார்களே, அதில்தான் எனக்குக் கோபம். நீங்களும் மூன்று மாதம் கட்டங்களை நிரப்பினீர்களே தவிர, ஒரு கட்டம் ஏன் அப்படி இருக்கிறது என்று ஒருமுறையாவது கேட்டீர்களா?

‘நான் தயார்’ என்பதில் தமிழுக்கு வினையே தேவையில்லை. அதனால் ‘ஐ ரெடி’ என்று வருகிறது. யாராவது திருத்தியதும் எல்லா இடத்திலும் ‘யாம்’ போட ஆரம்பித்து ‘ஐ யாம் கோ’ என்கிறோம். ‘யாம்’ தானே தனி வினையாக நின்றால் அடுத்து பெயரோ பண்போ இடமோ வரலாம்: ஐ யாம் ரெடி. இன்னொரு வினை வந்தால் அது ‘கோயிங்’ ஆகவேண்டும். வழக்கமாகப் போவதைச் சொல்வதானால் ‘யாம்’ வேண்டாம், ‘ஐ கோ’ போதும். கேள்வியிலும் ‘ஆர் யூ ரெடி?’ என்று அதுவே முன்னே போகும். ‘டூ’வைக் கூப்பிட வேண்டியதில்லை. ‘கேன்’, ‘வில்’ இருந்தாலும் அப்படியே.

அட்டவணையை மூடிவையுங்கள். கோ, கம், ஈட், ரைட், சீ என்று ஐந்து வினைகள். ஒவ்வொன்றையும் ‘ஷீ’ வைத்து நிகழ்காலத்தில் கூற்று, கேள்வி, மறுப்பு. இறந்தகாலத்திலும் அதே மூன்று. மொத்தம் முப்பது வாக்கியம், பத்து நிமிடத்துக்குள் முடியும். எழுத வேண்டாம், வாய்விட்டுச் சொல்லுங்கள். பிழை நாக்கில்தான் இருக்கிறது. பாதியில் ‘டிட் ஷீ சா’ என்று வந்துவிட்டால் நிறுத்தி, ‘டிட்’டிலிருந்து மறுபடி சொல்லுங்கள். ‘சா’வை மட்டும் திருத்தினால் நாக்கு பழையபடிதான் போகும்.

இந்தப் பயிற்சி கைவந்தபின் ‘ஹூ கேம்?’ என்று எங்காவது படித்துவிட்டு, ‘டிட்’ எங்கே என்று மறுபடி கடிதம் எழுதுவீர்கள். தமிழிலேயே விடை இருக்கிறது. ‘யார் வந்தார்’ என்று செய்தவரைக் கேட்டால் ‘டிட்’ வராது, வினை முழுதாக நிற்கும். ‘யாரைச் சந்தித்தாய்’ என்று ‘யார்’ மேல் வேற்றுமை உருபு ‘ஐ’ வந்தால் ‘டிட்’ வரும்: ஹூ டிட் யூ மீட்?