டி.என்.ஏ. என்றாலே இரட்டைச் சுருள்தானே, நான்கு இழை வடிவம் உண்மையில் உண்டா?

உண்டு. இரட்டைச் சுருள் வழக்கமான வடிவம், ஒரே வடிவம் அல்ல. டி.என்.ஏ.வின் நான்கு காரங்களில் ஒன்றான குவானின் (சுருக்கமாக ‘ஜி’) செறிந்த பகுதிகளில் நான்கு குவானின்கள் ஒரே தளத்தில் சதுரமாகக் கைகோக்கும். அண்டையிலுள்ளவற்றை ஹூக்ஸ்டீன் வகை (இரட்டைச் சுருளின் வழக்கமான இணைப்பிலிருந்து வேறுபட்ட) ஹைட்ரஜன் பிணைப்புகள் இணைக்கும். ஒரு சதுரத்துக்கு எட்டுப் பிணைப்புகள். இச்சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டால் அதுவே ஜி-குவாட்ருப்ளெக்ஸ். ‘நான்கு இழை’ என்ற பெயர் சற்றே ஏமாற்றும்: ஒரே இழை மடிந்தும் இது உருவாகும்.

எனக்குப் பிடித்த பகுதி பொட்டாசியம். சதுரத்தின் நடுவில் நான்கு ஆக்சிஜன் அணுக்கள் உள்நோக்கி நிற்பதால் எதிர்மின் தன்மை குவிகிறது. அடுக்குகளுக்கு இடையே பொட்டாசியம் அயனி கச்சிதமாக அமர்ந்து அதைத் தணிக்கிறது. சோடியம் அவ்வளவு உறுதி தருவதில்லை, லித்தியம் இன்னும் மோசம். செல்லுக்குள் பொட்டாசியத்துக்குப் பஞ்சமில்லை.

இந்த நான்கு இழை வடிவத்தின் வேலை என்ன? குரோமோசோம் முனைகளில் டிடிஏஜிஜிஜி என்ற தொடர் மீண்டும் மீண்டும் வருகிறது. அது இப்படி மடிந்தால் டெலோமரேஸ் நொதியால் அதை நீட்டுவது கடினமாகலாம். புற்றுநோயுடன் தொடர்புள்ள மிக் (MYC) என்ற மரபணுவின் தொடக்கப் பகுதியிலும் இது உருவாகும் என்பதால் மருந்து ஆய்வாளர்களுக்கு இதில் தனி ஆர்வம். புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.வில் உருவாகும் வடிவம் இன்னும் உறுதியானது; புரத உற்பத்தியைத் தடுக்கவல்லது. டி.என்.ஏ. படியெடுப்புக்கு இது முட்டுக்கட்டை ஆகாதபடி ஹெலிகேஸ் நொதிகள் அவிழ்த்துவிடுகின்றன.

சோதனைக்குழாய் விந்தை என்று ஒதுக்குவோருக்கு: 2013இல் சங்கர் பாலசுப்பிரமணியன் குழுவினர் மனித செல்களிலேயே இவ்வடிவத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) கொண்டு இதைக் காட்டினர்.