மலை ஈரத்தில் ஸ்டிக்கர் தொழில்: வாசகர் கேள்வி – பதில்

வினைல் ஸ்டிக்கர் அச்சிட்டு வெட்டி விற்பது பற்றி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே புகார்: "கோவையில் ஒழுங்காக வருவது இங்கே ஏன் சொதப்புகிறது?" மெஷின் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். காற்று வேறு. கீழே உள்ள பதில்களில் சில அந்தக் காற்றைப் பற்றியவை, மற்றவை தொழிலின் மற்ற சிக்கல்களைப் பற்றியவை.

வீட்டு முன்னறையில் ஸ்டிக்கர் தொழில் தொடங்க ஆசை. பிரின்டரும் கட்டரும் சேர்ந்த மெஷின் வாங்கலாமா, தனித்தனியாக வாங்கலாமா?
– வாசகி, குன்னூர்

இப்போதைக்கு பிரின்டரே வேண்டாம். ஈக்கோ சால்வென்ட் பிரின்டர் (கரைப்பான் கலந்த மையால் வினைலில் அச்சடிப்பது) சும்மா நிற்கிற நாளிலும் மை குடிக்கும். ஹெட் (மை தெளிக்கும் முனை) காய்ந்துவிடாமல் இருக்க, அது தானாகவே அவ்வப்போது மையை உறிஞ்சிக் கழிவுப் புட்டியில் துப்பிக்கொண்டே இருக்கும். அதற்காகவே மெயின் சுவிட்சை அணைக்கக் கூடாது என்பார்கள். வாரத்துக்கு நாலு ஆர்டர் வருகிற இடத்தில் இது கட்டுப்படியாகாது. ஐப்பசி மழையில் மரம் சாய்ந்து ஒன்றரை நாள் கரண்ட் போனால் ஹெட்டுக்கே ஆபத்து.

இரண்டடி அகலக் கட்டிங் பிளாட்டர் (வினைலைப் பிளேடால் வெட்டும் கட்டர் மெஷின்) ஒன்று போதும். ஆனால் வெட்ட வேண்டிய இடத்தைக் காட்ட அச்சிட்ட குறிகளைப் படிக்கும் 'கண்' உள்ள மாடலாக இருக்கட்டும். அது இல்லாவிட்டால் எழுத்து மட்டும்தான் வெட்ட முடியும். படத்தைச் சுற்றி வெட்ட முடியாது. ஒரே நிற வினைல், வண்டிகளுக்கான ரேடியம் வேலை எல்லாம் பிளாட்டரிலேயே முடிந்துவிடும். (பெயர்தான் ரேடியம். அந்த ஃபிலிமில் ரேடியம் துளியும் இல்லை, விழுகிற வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான்.) கலர் வேலையை மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ அச்சடித்து, லேமினேஷனும் (மேலே ஒட்டும் பாதுகாப்பு ஃபிலிம்) போட்டு, பஸ் பார்சலில் வரவழைத்து வீட்டில் வெட்டலாம்.

அச்சகத்துக்கு ஃபைல் அனுப்பும்போது சில விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். குறிகள் உங்கள் பிளாட்டரின் சாஃப்ட்வேர் போட்டவையாக இருக்க வேண்டும், கடைக்காரர் தன் குறிகளைச் சேர்க்கக் கூடாது. அளவு 100 சதவீதம், 'ஃபிட் டு பேஜ்' கூடாது. அச்சான உடனே லேமினேட் செய்யாமல் குறைந்தது 24 மணி நேரம் காய விட வேண்டும். முன்னும் பின்னும் 5 சென்டிமீட்டர் வெற்று வினைல் விட்டு, அச்சுப் பக்கம் வெளியே இருக்கும்படி அட்டைக் குழாயில் சுற்றி, பாலிதீன் உறை போட்டு அனுப்ப வேண்டும். மடித்து அனுப்பினால் அந்த மடிப்பு போகவே போகாது.

கூடவே வாங்க வேண்டியவை: 45 டிகிரி பிளேடு ஐந்து, கனமான ரேடியம் ஃபிலிமுக்கு 60 டிகிரி பிளேடு இரண்டு, முனை வளைந்த இடுக்கி, துணி ஓரம் வைத்த ஸ்குவீஜி (ஸ்டிக்கரைத் தேய்த்து ஒட்டும் தகடு), டிரான்ஸ்பர் டேப் (வெட்டிய எழுத்துகளை அப்படியே எடுத்து ஒட்ட உதவும் டேப்), ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஹேர் டிரையர், ஈரப்பத மானி. கடைசியாகச் சொன்னது சில நூறு ரூபாய்ச் சாமான்தான், இந்த ஊரில் அதுவே முதல் கருவி.

முதல் வரிசை ஸ்டிக்கர் சரியாக வெட்டுப்படுகிறது. கடைசி வரிசைக்கு வரும்போது வெட்டு 2 மில்லிமீட்டர் விலகி, வெள்ளை ஓரம் தெரிகிறது. மழை மாதங்களில்தான் இப்படி. பிளாட்டரை மாற்ற வேண்டுமா?
– வாசகர், உதகமண்டலம்

மாற்ற வேண்டாம். விலகல் எப்படி நடக்கிறது என்று பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். எல்லா ஸ்டிக்கரிலும் ஒரே பக்கம் ஒரே அளவு விலகினால், கண்ணுக்கும் பிளேடுக்கும் உள்ள இடைவெளிக் கணக்கு தவறியிருக்கிறது, கேலிப்ரேஷன் (அளவுத் திருத்தம்) செய்யுங்கள். வட்டத்தின் தொடக்கமும் முடிவும் சந்திக்காமல் நின்றால் பிளேடு மழுங்கியிருக்கும் அல்லது ஹோல்டர் ஆடும். ஒரு ஓரம் மட்டும் சாய்ந்து போனால் இரண்டு பக்க ரோலர் அழுத்தமும் சமமாக இல்லை. உங்களுடையதைப் போல நீளம் போகப் போக விலகல் வளர்ந்தால், தாள் நீண்டுவிட்டது அல்லது வழுக்குகிறது. மழை மாதத்தில் மட்டும் என்பதால், நீண்டுவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

நடப்பது இதுதான். வினைலுக்கு அடியில் இருக்கும் ரிலீஸ் பேப்பர் காகிதம்தானே, ஈரம் குடிக்கும். மேலே ஒட்டியிருக்கும் வினைல் குடிக்காது. பிரின்டர் ஹீட்டர் 40 டிகிரி அளவில் சுடும்போது காகிதம் உலர்ந்து சுருங்குகிறது. அச்சான தாளை மேகம் புகுந்த அறையில் இரவு முழுக்க வைத்தால், குடித்த ஈரத்தில் காகிதம் மறுபடி விரிகிறது. குறிகளுக்கு நடுவே உள்ள தூரம் கம்ப்யூட்டர் நினைப்பதும் தாளில் இருப்பதும் வேறாகிவிடுகிறது. ஓரங்கள் வேறு அலையலையாக எழும்பும், ரோலருக்கு அடியில் மடங்கும்.

அப்படியானால் அச்சான உடனே வெட்டிவிடலாமே என்று தோன்றும். அதுவும் முடியாது. மையில் உள்ள சால்வென்ட் வெளியேற 24 மணி நேரம் வேண்டும், உங்கள் ஊர்க் குளிரில் 48 மணி நேரம் விடுவது நல்லது. அதற்குள் லேமினேட் செய்து வெட்டினால் அடைபட்ட சால்வென்ட் பசையை இளக்கி, ஓரம் சுருண்டுகொள்ளும். ஆக, காற்றாடவும் வேண்டும், ஈரமும் படக் கூடாது. ஒரு சிறிய அறையை இதற்கென்று ஒதுக்கி, ஜன்னல் இடுக்குகளை அடைத்து, ஈரம் உறிஞ்சும் மெஷினோ எண்ணெய் நிரப்பிய மின் ஹீட்டரோ வையுங்கள். மானியில் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள்ளும் வெப்பம் 20 டிகிரிக்கு மேலும் நிற்கட்டும். ரோலை இறுக்கிச் சுற்றாமல் தளர்வாக நிறுத்தி வைத்து உலர விடுங்கள். கேஸ் ஹீட்டர் கூடாது, கேஸ் எரிந்தால் நீராவியும் சேர்ந்தே வரும். கரி கணப்பு அதைவிட மோசம். சால்வென்ட் வாடை இருக்கும் மூடிய அறையில் தணலும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்தால் ஸ்டிக்கர் அல்ல, உயிரே போகும்.

சாஃப்ட்வேரில் ஒரு மாற்றமும் செய்யுங்கள். ஒரு மீட்டர் நீளத்துக்கு நான்கு மூலையில் நான்கு குறி என்பதை விட்டு, 30 சென்டிமீட்டருக்கு ஒரு ஜோடி குறி போடுங்கள். பிளாட்டர் ஒவ்வொரு ஜோடியிலும் நின்று கணக்கைத் திருத்திக்கொள்ளும். அச்சை வெட்டுக் கோட்டுக்கு வெளியே 2 முதல் 3 மில்லிமீட்டர் நீட்டி விட்டால் மீதி விலகலும் தெரியாது. அடுத்த முறை ரோல் வாங்கும்போது, பாலிதீன் பூச்சுள்ள ரிலீஸ் பேப்பர் கேளுங்கள். கொஞ்சம் விலை கூடும், ஆனால் தட்டையாகப் படுத்திருக்கும்.

பளபளப்பான லேமினேஷன் போட்ட பிறகு கண் குறியையே படிக்கவில்லை என்றால், வெளிச்சம் திரும்பி அடிக்கிறது. குறியின் மேல் மட்டும் மங்கலான மேஜிக் டேப் ஒரு துண்டு ஒட்டிப் பாருங்கள், படித்துவிடும்.

பிளேடு சில சமயம் ரிலீஸ் பேப்பரையும் அறுத்துவிடுகிறது. எவ்வளவு வெளியே நீட்ட வேண்டும்?
– வாசகர், கூடலூர்

80 மைக்ரான் வினைல், மேலே 70 மைக்ரான் லேமினேஷன், இரண்டு அடுக்குப் பசை, எல்லாம் சேர்ந்தாலே 0.2 மில்லிமீட்டர்தான். பிளேடு நுனி கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நின்றால் போதும். அழுத்தத்தை 80 கிராமில் தொடங்கி, பத்துப் பத்தாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் சிறிய சதுரத்துக்குள் முக்கோணம் வெட்டிப் பாருங்கள். முக்கோணம் தனியாக உரிய வேண்டும். உரித்த இடத்தில் ரிலீஸ் பேப்பர் மேல் நகத்தால் கீறியது போல மெல்லிய கோடு மட்டும் தெரிய வேண்டும். கோடே இல்லையென்றால் அழுத்தம் குறைவு, விரலில் தட்டுப்படும் பள்ளம் என்றால் அதிகம். மூலைகள் மட்டும் அறுபடாமல் உருண்டு வந்தால் அழுத்தத்தைத் தொடாதீர்கள். பிளேடு ஆஃப்செட்டைப் (பிளேடின் நடு அச்சுக்கும் நுனிக்கும் உள்ள தூரம்) பாருங்கள், பெரும்பாலான பிளேடுகளுக்கு 0.25 மில்லிமீட்டர்.

தமிழில் கடைப் பெயர் வெட்டினால் சுற்றியுள்ள வேண்டாத வினைலை உரிக்கும்போது மெய்யெழுத்துப் புள்ளிகளும் கூடவே வந்துவிடுகின்றன. 'தி', 'சி' எழுத்துகளின் மேல்விலங்கு தனியாக அறுந்து நிற்கிறது.
– வாசகி, கோத்தகிரி

இரண்டு தனி வியாதிகள். மேல்விலங்கு அறுவது ஃபான்ட் கோளாறு. பழைய டைப்பிங் ஃபான்ட்களில் 'த' ஒரு துண்டு, மேல்விலங்கு இன்னொரு துண்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். திரையில் ஒரே எழுத்தாகத்தான் தெரியும், பிளேடு மட்டும் இரண்டு கோட்டையும் விசுவாசமாக வெட்டிவிடும். கோரல் டிரா சாஃப்ட்வேரில் எழுத்தை கர்வாக (கோட்டு வடிவமாக) மாற்றி, 'வெல்ட்' (துண்டுகளை ஒன்றாக இணைப்பது) கொடுத்த பிறகு வயர்ஃபிரேம் (கோடுகள் மட்டும் தெரியும்) பார்வையில் ஒரு முறை பாருங்கள். எழுத்துக்குள் குறுக்குக் கோடு எங்காவது இருந்தால் அங்கே அறுபடும்.

புள்ளி போவதற்குக் காரணம் அதன் சிறிய அடிப்பரப்பு. 3 மில்லிமீட்டருக்குக் குறைந்த வட்டத்தைப் பிடித்துவைக்கப் பசை போதாது. புள்ளியை மட்டும் 4 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்குங்கள், தூரத்திலிருந்து படிக்கவும் அதுதான் நல்லது. வேகத்தை நொடிக்கு 10 சென்டிமீட்டருக்குக் குறையுங்கள். ஓவர்கட் (தொடங்கிய இடத்தைத் தாண்டியும் வெட்டுவது) 0.2 மில்லிமீட்டர் கொடுங்கள், வட்டம் முழுதாக மூடும். வெட்டியதை மறுநாளுக்கு வைக்காமல் அன்றே உரியுங்கள், நாளானால் வெட்டிய இடத்தில் பசை மறுபடி கூடிக்கொள்ளும். உரிக்கும்போது வினைலை மேலே தூக்கக் கூடாது. தாளோடு தாளாகப் பின்னால் மடித்து, மெதுவாக இழுக்க வேண்டும். புள்ளி வரும் இடத்தில் நிறுத்தி, இடுக்கி முனையால் புள்ளியை அழுத்திக்கொண்டு தாண்டுங்கள். 'ன்', 'ம்' நிறைந்த பெயர்ப் பலகைக்கு நேரம் பிடிக்கும், கூலியில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்தே 10 மில்லிமீட்டர் உயரம்தான் என்றால் பிளாட்டரில் வெட்ட முயலாமல் அச்சடித்துவிடுவது மேல்.

சுற்றுலா ஜீப்புகளுக்கு ஒட்டிய ஸ்டிக்கர் மார்கழியில் இரண்டே வாரத்தில் ஓரம் எழும்புகிறது. பசை மட்டமா?
– வாசகர், கொடைக்கானல்

பசையைவிட நேரம்தான் காரணமாக இருக்கும். சாதாரண வினைல் பசை 10 டிகிரிக்குக் கீழே இறுகிவிடும், பெயிண்டின் நுண்ணிய மேடுபள்ளத்துக்குள் இறங்காது. மார்கழிக் காலையில் ஜீப்பின் தகரம் அதைவிடக் குளிர்ந்திருக்கும், மேலே கண்ணுக்குத் தெரியாத பனி ஈரமும் படிந்திருக்கும். காலை 10 மணிக்கு மேல் வெயிலில் நிறுத்தி, ஷாம்பு போட்டுக் கழுவி, துடைத்து, ஆல்கஹால் தொட்ட துணியால் மெழுகுப் பாலிஷ் போகத் தேய்த்து, ஹேர் டிரையரால் உள்ளங்கைக்கு வெதுவெதுப்பாகத் தெரியும் வரை தகரத்தைச் சூடாக்கிவிட்டு ஒட்டுங்கள். ஸ்டிக்கரும் அறைச் சூட்டில் இருந்தே வர வேண்டும், பைக்குள் குளிர்ந்து கிடந்ததை அப்படியே எடுக்காதீர்கள். சமவெளியில் செய்வது போல் சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டும் முறை இங்கே சரிப்படாது, அந்தத் தண்ணீர் காயவே காயாது. ஒட்டி முடித்ததும் ஓரங்களுக்கு மீண்டும் சூடு காட்டி அழுத்துங்கள். மறுநாள் வரை வண்டியைக் கழுவக் கூடாது.

மூலைகளைக் கூராக விடாமல் 3 மில்லிமீட்டர் வளைத்து வெட்டுங்கள். கதவுத் தகரம் போன்ற தட்டையான இடத்துக்குப் பாலிமெரிக் வினைல் (நடுத்தர வகை) போதும், ஸ்டெப்னி மூடியின் வளைவுக்குக் காஸ்ட் வினைல்தான் (வளைவுக்கு இணங்கும் மெல்லிய வகை). விலை குறைந்த மோனோமெரிக் வினைல் நாளடைவில் சுருங்கி, ஓரத்தில் கறுப்புப் பசைக் கோடு விடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும், கொடைக்கானல் 2,100 மீட்டர். குளிர்ந்த ஊர்தானே என்று லேமினேஷனைத் தவிர்த்தால் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறும்.

தைலப் பாட்டில் லேபிள் கடையில் ஒரு மாதம் இருந்ததும் வழுக்கி இறங்குகிறது, எழுத்தும் கரைகிறது.
– வாசகர், உதகமண்டலம்

பழைய ஸ்டிக்கர் பசையைத் துடைத்தெடுக்கப் பலரும் பயன்படுத்துவதே யூகலிப்டஸ் தைலம்தான்! அதை நிரப்பிய பாட்டிலில் வேறென்ன நடக்கும்? மூடி இடுக்கில் கசியும் ஒரு சொட்டு போதும். ஈக்கோ சால்வென்ட் மையையும் அது இளக்கும். லேபிளை பாலியெஸ்டர் ஃபிலிமால் லேமினேட் செய்து, லேமினேஷன் அச்சைத் தாண்டி நிற்கும்படி சுற்றிலும் 2 மில்லிமீட்டர் அச்சில்லாத ஓரம் விட்டு வெட்டுங்கள். பாட்டிலை நிரப்பி, மூடி இறுக்கி, ஆல்கஹாலால் துடைத்த பிறகே லேபிள். நிரப்புவதற்கு முன் ஒட்டுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. பத்து பாட்டிலில் ஒட்டி, கழுத்தில் வேண்டுமென்றே ஒரு சொட்டு விட்டு, ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு மொத்த ஆர்டரை எடுங்கள்.

ஹோம்மேட் சாக்லேட் டப்பாவுக்கு 3 அங்குல வட்ட ஸ்டிக்கர் 200 கேட்கிறார்கள். இன்னொருவர் 20 மட்டும் கேட்கிறார். விலை எப்படிச் சொல்வது?
– வாசகி, குன்னூர்

சதுர அடியில் கணக்குப் போடுங்கள். இடைவெளியோடு ஒரு ஸ்டிக்கருக்கு 79 மில்லிமீட்டர். இரண்டடி ரோலில் குறுக்கே 7 வரும். 200க்கு 29 வரிசை, அதாவது 2.3 மீட்டர். முன்பின் வீணாவது 30 சென்டிமீட்டர் சேர்த்தால் 2.6 மீட்டர், ஏறக்குறைய 17 சதுர அடி. அச்சு, லேமினேஷன் எல்லாம் சேர்ந்து உங்கள் அடக்கம் சதுர அடிக்கு 45 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 765. வெட்ட, உரிக்க, அடுக்க இரண்டரை மணி நேரக் கூலி 300. கெட்டுப்போவதற்குப் பத்து சதவீதம். மொத்தம் 1,170 சொச்சம், ஒன்றுக்கு ஆறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

இதே கணக்கில் 20 மட்டும் என்றால் சரக்கு மூன்றரை சதுர அடிதான், ஆனால் ஃபைல் வேலையும் செட்டிங்கும் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் கரைகிறது. ஒன்றுக்குப் பதினெட்டரை ரூபாய் அடக்கம்! லாபம் இதற்கு மேல்தான். ஆகவே சின்ன ஆர்டர்களைச் சேர்த்துவைத்து, ஒரே தாளில் நாலைந்து பேருடையதை அடுக்கி, வாரத்தில் ஒரு நாள் வெட்டுங்கள்.

சாக்லேட் லேபிளில் 14 இலக்க உணவு உரிம எண்ணை வாடிக்கையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு இலக்கம் மாறினாலும் 200-ம் குப்பை. தயாரித்த தேதியைப் பேனாவால் எழுதப்போகிறார்கள் என்றால் லேமினேஷன் மேல் மை நிற்காது, தேதிக்குத் தனியாக ஒரு சிறிய காகித ஸ்டிக்கர் கொடுத்துவிடுங்கள்.

உரித்த வினைல் கழிவைக் குளிர் காயும் அடுப்பில் போடலாமா?
– வாசகர், கோத்தகிரி

கூடவே கூடாது. வினைல் என்பது பிவிசி, எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நெஞ்சை அறுக்கும். லேசர் மெஷினில் வினைல் வெட்டக் கூடாது என்பதும் இதனால்தான், மெஷினும் துருப்பிடித்துப் போகும். ரிலீஸ் பேப்பரில் சிலிக்கோன் பூச்சு இருப்பதால் பழைய பேப்பர் கடையிலும் எடுக்க மாட்டார்கள். அகலமான துண்டுகளைப் பத்திரப்படுத்துங்கள், சின்ன ஸ்டிக்கர்களை ஒட்டிக் கொடுக்க உதவும். மீதியைத் தனிப் பையில் கட்டி, உலர் குப்பையாகக் கொடுங்கள்.

கார்ட்டூன் பொம்மை, நடிகர் படம், 'போலீஸ்' ஸ்டிக்கர் கேட்டு வருகிறார்கள். போடலாமா?
– வாசகர், கூடலூர்

மூன்றுமே வேண்டாம். கார்ட்டூனுக்கும் படத்துக்கும் உரிமையாளர் இருக்கிறார். போலீஸ், அரசு முத்திரை, நம்பர் பிளேட் எண் கேட்டால் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைக் காட்டினாலும் வெட்டாதீர்கள். அதே ஆளிடம் வரையாடு, மலை ரயில், தேயிலைக் கொழுந்து என்று நீங்களே வரைந்த படத்தைக் காட்டிப் பாருங்கள். சுற்றுலா வருகிறவர்கள் தண்ணீர் பாட்டிலில் ஒட்ட அதைத்தான் தேடுகிறார்கள்.