எந்த ஆண்டுச் சிப்பாய்? காகித மாடல் கேள்வி பதில்

சென்ற இதழில் தாளில் அச்சடித்து, கத்தரித்து, ஒட்டிச் செய்யும் காகிதப் படைவீரர்கள், காகித டாங்கிகள் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நிறம் மாற்றுவது பற்றித்தான். சரி, இந்த முறை பெரும்பாலும் அதையே பார்ப்போம். ஒன்று மட்டும் முன்கூட்டியே: என்னிடம் எதைக் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி “எந்த ஆண்டு?” என்பதுதான், அதற்குக் கோபித்துக் கொள்ளக் கூடாது.

கே: 1914ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் காலாட்படை வீரன் மாடல் ஒன்று என்னிடம் இருக்கிறது. சிவப்புக் கால்சட்டை, நீல மேலங்கி. அவனையே 1916ல் வெர்தூன் போர்க்களத்தில் நின்றவனாக மாற்ற ஆசை. வெளிர்நீலத்தை ஊற்றிவிட்டால் போதுமா?

ப: ஆண்டையும் சேர்த்தே எழுதியிருக்கிறீர்கள், பாதி வேலை முடிந்தது. ஆனால் வெளிர்நீலம் மட்டும் போதாது. 1914ல் அவன் தலையில் இருந்தது துணியாலான கெப்பி தொப்பி. 1915ல் ஆட்ரியான் இரும்புத் தொப்பி வந்துவிட்டது, அதன் உச்சியில் முன்னிருந்து பின்னாக ஒரு முகடு ஓடும், முன்பக்கம் ஒரு சின்னம் இருக்கும், சுற்றிலும் சிறிய விளிம்பு. அதாவது தலையின் வெளிக்கோடே மாறுகிறது, கத்தரிக்கிற கோடும் மாறுகிறது. கால்களில் தோல் உறை போய்த் துணிப்பட்டை சுற்றியிருக்க வேண்டும். தலையைப் புதிதாக வரையுங்கள், முழங்காலுக்குக் கீழே பட்டையின் சாய்கோடுகளைப் போடுங்கள், நடு உடம்பை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் அந்த நீலம். ‘அடிவான நீலம்’ என்று பெயர் இருப்பதால் எல்லோரும் வானத்தைப் பார்த்து ஒரே சீரான நிறத்தை நிரப்பிவிடுகிறார்கள், பொம்மைக் கடையில் வாங்கியது போல இருக்கும். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்று நிற இழைகளையும் கலந்து நெய்வதாகத்தான் முதலில் திட்டம். சிவப்புக்கான செயற்கைச் சாயம் ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்தது, அவர்களோடே போர் மூண்டதும் சிவப்பு இழையை விட்டுவிட்டார்கள், மிஞ்சியது நீலமும் வெள்ளையும். ஆகவே அந்தத் துணி கிட்டத்தில் பார்த்தால் புள்ளி புள்ளியாகக் கலந்த ஒரு நீலச் சாம்பல். நீங்கள் சாம்பல் தூக்கலான ஒரு நீலத்தை நிரப்பி, அதன்மேல் மிக நுண்ணிய வெண்புள்ளிகளை மெலிதாகத் தூவிப் பாருங்கள், சட்டென்று கம்பளித் துணி மாதிரி தெரியும்.

கே: நெப்போலியன் காலத்து ஆஸ்திரிய வீரனை அதே காலத்துப் பிரிட்டிஷ் வீரனாக்கப் பார்த்தேன். நிறம் மாற்றும் பட்டையை எவ்வளவு நகர்த்தினாலும் சட்டை சிவப்பாகவே மாட்டேன் என்கிறது. மென்பொருளில் கோளாறா?

ப: மென்பொருள் பாவம், அதை விட்டுவிடுங்கள். ஆஸ்திரியக் காலாட்படையின் சட்டை வெள்ளை. அந்தப் பட்டை ஏற்கெனவே இருக்கும் நிறச்சாயலைத்தான் திருப்பும், வெள்ளையிலும் கறுப்பிலும் சாம்பலிலும் திருப்புவதற்குச் சாயலே கிடையாது. இதற்கு வழி, படத்தை மூன்று லேயர்களாக, அதாவது ஒன்றன்மேல் ஒன்றான அடுக்குகளாகப் பிரிப்பது. அடியில் தட்டையான நிறம், நடுவில் நிழல், மேலே கறுப்புக் கோடுகள், மேலே உள்ள இரண்டையும் ‘மல்டிப்ளை’ முறைக்கு மாற்றிவிட்டால் வெள்ளை மறைந்து கோடும் நிழலும் மட்டும் அடிநிறத்தின் மேல் படியும். ஜிம்ப் போன்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும். கோப்பு பிடிஎஃப் ஆக இருந்து அதற்குள் வெக்டர் வடிவங்கள் (புள்ளிகளாக அல்லாமல் கோடுகளாகவே சேமித்தவை) இருந்தால் இன்னும் சுலபம்: இங்க்ஸ்கேப் என்ற மென்பொருளில் திறந்து, ஒரு துண்டைத் தொட்டு, அதே நிறம் உள்ள எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் தேர்ந்தெடுத்து மாற்றிவிடலாம். ஆனால் வெள்ளைச் சட்டையோடு வெள்ளைக் கால்சட்டையும் தோளில் குறுக்கே போடும் வெள்ளைப் பட்டையும் சேர்ந்தே மாட்டும், அதைக் கவனியுங்கள்.

சிவப்பிலும் இரண்டு உண்டு. பிரிட்டிஷ் படையின் சாதாரண வீரர்களுக்கு மஞ்சிட்டி வேர்ச் சாயம், அதிகாரிகளுக்குக் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த விலையுயர்ந்த சாயம். ஒரே வரிசையில் வீரனுக்குச் செங்கல் பக்கம் சாய்ந்த சிவப்பும் அதிகாரிக்குப் பளிச்சென்ற சிவப்பும் கொடுத்தால் யார் யார் என்று தூரத்திலேயே தெரியும். எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் பிடித்ததே இதுதான், ஒரு சிவப்பைத் தேர்ந்தெடுக்கப் போய் ஒரு படையின் சம்பளப் பட்டியல் வரை எட்டிப் பார்த்துவிடலாம்.

கே: திரையில் அழகான நீலம், தாளில் கத்தரிப்பூ நிறம். பச்சை டாங்கி கிட்டத்தட்டக் கறுப்பு. ஏன்?

ப: நானும் ஒரு முறை நாற்பது வீரர்களை ஒரே இரவில் அச்சடித்துவிட்டுக் காலையில் எழுந்து பார்த்தால் மொத்தப் படையும் ஊதா. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, பிரின்டர் மையால் காட்டுகிறது, ஆழ்ந்த தூய நீலத்தைப் பிரின்டர் உண்டாக்க முயலும்போது மெஜந்தா மை கூடிப்போய் ஊதாவாகிவிடும். நீலத்தில் சிவப்பின் அளவைக் குறைத்து, கொஞ்சம் பச்சையை ஏற்றுங்கள். மற்றபடி எல்லா நிறத்தையும் திரையில் வேண்டியதைவிட ஒரு படி வெளிறலாகவே வையுங்கள். சிறிய மாடலுக்கு அது இன்னொரு விதத்திலும் சரி: தூரத்தில் நிற்கும் பெரிய வண்டி காற்றின் மங்கலால் வெளுத்துத்தான் தெரியும், உள்ளங்கை அளவு டாங்கிக்கு அசல் பெயின்டின் நிறத்தையே கொடுத்தால் கனத்துப்போய்த் தெரியும். எதற்கும் முதலில் ஒரே நிறத்தின் பத்துப் பன்னிரண்டு சாயல்களைச் சிறு கட்டங்களாக, நீங்கள் பயன்படுத்தப் போகும் அதே தாளில் அச்சடித்துப் பக்கத்தில் எண் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

கே: வீரனின் ஒரு பக்கத்தை வரைந்து, அதைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி மறுபக்கத்தில் ஒட்டுகிறேன். ஒரு நண்பர் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்.

ப: அவர் எதைப் பார்த்துச் சிரித்தார் என்று எனக்குத் தெரிகிறது. உங்கள் வீரன் பக்கவாட்டில் நடந்து போகிறவன்தானே? அப்படியானால் அவனுக்கு இரண்டு இடுப்பிலும் வாள் தொங்கும்.

இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் பழகினவர்களே இதில் தவறுகிறார்கள். முன்பக்கம் பார்த்து நிற்கும் வீரனென்றால் திருப்பிப் போடுவது சரி. இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு இறங்கும் தோட்டாப் பெட்டியின் பட்டை, முதுகுப் பக்கமிருந்து பார்க்கும்போது எதிர்த் திசையில் சாய்ந்துதான் தெரியும், ஆகவே பிம்பம் பொருந்துகிறது. முகத்தையும் பொத்தான்களையும் அழித்துவிட்டு முதுகுப்பையை வரைந்தால் முடிந்தது. ஆனால் பக்கவாட்டு வீரனுக்கு ஒரு முகம் இடப்பக்கம், மறுமுகம் வலப்பக்கம், இரண்டும் வேறு வேறு. வாளும் பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) உறையும் இடது இடுப்பில். தோட்டாப் பெட்டி வலது இடுப்பில். துப்பாக்கியின் சிக்கிமுக்கி விசையும் வலப்பக்கத்தில்தான் இருக்கும், இடப்பக்கம் பார்த்தால் வெறும் மரமும் இரண்டு திருகுத் தலைகளும். ஆகவே வெளிக்கோட்டை மட்டும் திருப்புங்கள், அதை மாற்றினால் இரண்டும் ஒட்டாது. உள்ளே இருப்பதை மறுபடி வரையுங்கள். இடக்கைப் பக்கமிருந்து பார்க்கையில் வலக்கை உடம்புக்கு அந்தப் பக்கம் போய்விடும், பாதி மறையும், அதையும் மறக்க வேண்டாம்.

டாங்கிக்கும் இதே கதைதான். பக்கத்தைத் திருப்பினால் எண் இடம் வலமாகத் திரும்பி நிற்கும் என்பதாவது கண்ணில் படும், மண்வெட்டியும் கயிறும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மாட்டியிருப்பது லேசில் படாது.

கே: நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன் சார். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, கலர் பிரின்டரும் இல்லை. நான் செய்ய முடியாதா?

ப: தாராளமாகச் செய்யலாம் தம்பி. கோடு மட்டும் உள்ள படத்தைக் கொஞ்சம் தடித்த தாளில் ஜெராக்ஸ் எடுத்துக்கொள். இங்க்ஜெட் கோட்டின் மேல் தண்ணீர்ப் பட்டால் பெரும்பாலும் கலைந்துவிடும், ஜெராக்ஸ் கோடு கலையாது. கத்தரிப்பதற்கு முன்பே வண்ணம் தீட்டு, கலர் பென்சில் என்றால் ஒரே திசையில் தேய். வாட்டர் கலர் என்றால் தூரிகையில் தண்ணீரைக் குறை, முழுக்கக் காய்ந்ததும் கனமான புத்தகத்துக்குள் ஓர் இரவு வை. வெட்டிய விளிம்புகள் வெள்ளையாக இளிக்கும், அதே பென்சிலால் விளிம்பை ஒரு தேய் தேய்த்துவிட்டு ஒட்டு. பெரியவர்களே சோம்பல்பட்டு விடும் வேலை அது, நீ செய்தால் அவர்களை மிஞ்சிவிடுவாய். பிரான்சில் எபினால் ஊரில் காகிதப் படைவீரர்களை அச்சடித்த பெல்லரின் அச்சகம் 1796ல் தொடங்கியது, அங்கேயும் அச்சடித்த கோடுகளின் மேல் ஒவ்வொரு நிறத்துக்கும் துளை வெட்டிய ஒரு தகட்டை வைத்துக் கையால்தான் வண்ணம் போட்டார்கள்.

கே: 1/25 அளவு (அசலில் இருபத்தைந்தில் ஒரு பங்கு) டாங்கியை 1/72 ஆகச் சுருக்கி அச்சடித்தேன். எதுவும் எதோடும் பொருந்தவில்லை.

ப: கணக்கு 25ஐ 72ஆல் வகுத்தால் 34.7 சதவீதம், அதைச் சரியாகப் போட்டிருப்பீர்கள். சுருங்காதது தாளின் தடிமன். கால் மில்லிமீட்டர் அட்டை 1/25ல் 6 மில்லிமீட்டர் தகடு போல, 1/72ல் அதே அட்டை 18 மில்லிமீட்டர் தகடு. ஒன்றுக்குள் ஒன்று நுழைய வேண்டிய எல்லாமே அதனால் முட்டும். சிறியதற்கு மெல்லிய தாள், பாதித் துண்டுகளைத் தூக்கி எறிந்துவிட்டு அவற்றைத் தாளில் வரைந்த படமாகவே விட்டுவிடுவது, இரண்டும் தேவை. தாளைச் சுருட்டிச் செய்யும் குழலுக்கும் அப்படியே: வெளிவிட்டம் 6 மில்லிமீட்டர், தாள் 0.2 என்றால் 6ஐ அல்ல, 5.8ஐ 3.14ஆல் பெருக்குங்கள், சுற்ற வேண்டிய தாளின் அகலம் 18.2 வரும்.

இன்னொன்று, அச்சடிக்கும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தேர்வு தானாக விழுந்திருக்கும். டி-34 என்ற சோவியத் டாங்கியின் அகலம் 3 மீட்டர், 1/72ல் 41.7 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அடிக்கோலால் அளந்தால் 40 வருகிறதா? உங்கள் பிரின்டர் 96 சதவீதத்தில் அடித்திருக்கிறது.

கே: டைகர் டாங்கியைச் சாம்பல் நிறத்தில் 1944 நார்மண்டிக்காகச் செய்யலாமா? சாம்பல்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

ப: உங்கள் மேஜை, உங்கள் டாங்கி. ஆனால் பெட்டியில் 1944 என்று எழுத வேண்டாம். டைகர் 1942ல் களத்துக்கு வந்தது, 1943 பிப்ரவரியில் ஜெர்மானியர்கள் அடிநிறத்தை அடர்மஞ்சளாக மாற்றினார்கள். சாம்பல் வேண்டுமென்றால் அந்த இடைவெளிக்குள் வையுங்கள். அடர்மஞ்சளின் மேல் போடும் பச்சையும் செம்பழுப்பும் பசையாகப் படைப்பிரிவுகளுக்கே போனது, அவரவர் கையில் கிடைத்த தண்ணீரிலோ பெட்ரோலிலோ கரைத்து அடித்துக்கொண்டார்கள், ஆகவே இரண்டு டாங்கி ஒன்று போல இருக்காது, வடிவமைப்பவருக்கு இதைவிடச் சலுகை கிடைக்காது. 1944 டைகர் பலவற்றில் காந்தக் கண்ணிவெடி ஒட்டாமலிருக்கப் பூசிய சிம்மரிட் என்ற பூச்சின் வரிகளும் இருக்கும். மெல்லிய இருண்ட கோடுகளாக ஒரு தனி லேயரில் வரைந்து வைத்துக்கொண்டால் வேண்டாதபோது அணைத்துவிடலாம்.

கே: முதல் உலகப் போர் விமானத்தின் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து நிறம் போடுகிறேன். இருண்டது நீலம், வெளுத்தது சிவப்பு என்று வைத்துக்கொண்டேன். சரியா?

ப: நேரெதிர். அந்தக் காலத்து ஃபிலிம் பெரும்பாலும் நீலத்துக்குக் கூர்மை, சிவப்புக்குக் குருடு. பிரிட்டிஷ் விமானத்தின் வட்டச் சின்னத்தில் நீல வளையம் வெளுத்தும் நடுச் சிவப்பு கிட்டத்தட்டக் கறுத்தும் விழும். பிரெஞ்சுச் சின்னத்தில் வெளிவளையம் சிவப்பு, நடு நீலம். படத்தின் கருமையை மட்டும் நம்பினால் ஒரு நாட்டு விமானத்தை இன்னொரு நாட்டிடம் கொடுத்துவிடுவீர்கள். மஞ்சளும் இருண்டே விழும்.

கே: இலவசமாகக் கிடைத்த மாடலின் நிறத்தை மாற்றிப் பிறருக்குக் கொடுக்கலாமா?

ப: இலவசம் என்பது அனுமதி ஆகாது. உங்கள் வீட்டு மேஜைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வெளியே கொடுப்பதென்றால் கோப்பிலுள்ள உரிமக் குறிப்பைப் படியுங்கள், மாற்றியதைப் பகிரக் கூடாது என்று இருந்தால் வரைந்தவருக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். கேட்டால் பலர் மகிழ்ந்து சம்மதிப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

கே: நானே முதன்முதலாக ஒரு வாகனத்தை வடிவமைக்க வேண்டும். எதில் தொடங்கலாம்?

ப: பிரிட்டிஷ் மார்க் 4 டாங்கி, 1917. மேலே சுழலும் கோபுரம் கிடையாது, சாய்சதுரம் போன்ற இரண்டு தட்டைப் பக்கங்கள், அவற்றைச் சுற்றி ஓடும் டிராக் ஒரே நீளப் பட்டை. ஆணித் தலைகளை வரைந்தாலே போதும். நிறமும் பழுப்பு ஒன்றுதான். அதற்கு முந்தைய ஆண்டு முதல் டாங்கிகளுக்கு சாலமன் ஜே. சாலமன் என்ற ஓவியர் பலநிறத் திட்டுகளைத் தீட்டிக் கொடுத்தார், களத்துச் சேறு எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிட்டது, அதனால் அதைக் கைவிட்டார்கள். நீங்களும் கீழ்ப்பாதிக்குச் சேற்று நிறத்தில் ஒரு லேயர் போட்டுக்கொள்ளுங்கள், பட்டையின் ஒட்டு சரியாக வராத இடத்தையும் அது மறைக்கும். பக்கங்களில் பிதுங்கி நிற்கும் துப்பாக்கிக் கூண்டுகளைக் கடைசியில் ஒட்டுங்கள். முதலிலேயே ஒட்டிவிட்டால் பட்டையைச் சுற்றி அழுத்த விரல் நுழையாது.