அம்மாவின் கால் ஓயவில்லை, கை நடுங்குகிறது: எந்த மாத்திரை?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. மனச்சோர்வுக்கு மூன்று வாரமாக எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. சாப்பிடுகிறார். ஐந்து நிமிடம் சீரியல் பார்க்கக்கூட உட்கார முடியாமல் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறார், காபி டம்ளரைப் பிடித்தால் கை நடுங்குகிறது. ‘நான் கீழ்ப்பாக்கம் கேஸ் ஆகிட்டேனா’ என்று அழுகிறார். மூளையில் கெமிக்கல் கெட்டுவிட்டதா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடித்தது போல ஒரு வெட்டு என்று வேறு தொல்லைகள் வரும், அப்புறம் எது நோய் எது மாத்திரை என்று எங்களுக்கே குழம்பிவிடும்.

‘கெமிக்கல் குறைந்துவிட்டது, மாத்திரை நிரப்பும்’ என்று வண்டிக்கு ஆயில் ஊற்றுகிற மாதிரி சொல்லிப் பழக்கியது நாங்கள்தான். அவ்வளவு எளிதில்லை. செரோட்டோனின் என்ற மூளைக் கெமிக்கல் நரம்புக்குள் திரும்ப உறிஞ்சப்படுவதை இந்த மாத்திரை முதல் நாளே தடுக்க ஆரம்பித்துவிடுகிறது, ஆனால் மனசு லேசாக இரண்டிலிருந்து நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகிறது. அதற்குள் அந்த செரோட்டோனின், அசைவைச் சீராக வைத்திருக்கும் டோபமைனுக்குச் சில இடங்களில் பிரேக் போட்டுவிடும். சிலருக்குக் கால் ஓயாமல் போவது இதனால்தான் என்று கருதுகிறோம். பெயர் அகதீசியா. பதற்றம் கூடிவிட்டது என்று தப்பாக நினைத்து டோஸை ஏற்றினால் இன்னும் மோசமாகும். அம்மாவிடம் சொல்லுங்கள், புத்தி பேதலிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கை நடுக்கம் இந்த மாத்திரையாலும் வரும். ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம். அம்மா வாயுத் தொல்லைக்குக் காலையில் கேப்ஸ்யூல் போடுகிறாரா? அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பான்டோபிரசோல் அல்லது ராபிபிரசோலுக்குப் பக்கத்தில் லீவோசல்பிரைடு என்று பொடி எழுத்தில் இருந்தால், அது டோபமைனையே நேரடியாக அடைக்கும் மருந்து. மாதக்கணக்கில் அதை விழுங்கி, கை நடுங்கி, நடை குறுகி, பார்க்கின்சன் வந்துவிட்டதென்று பயந்து வருபவர்கள் உண்டு. என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் இதைச் சொல்லவே மாட்டார்கள், ‘அது கேஸ் மாத்திரைதானே டாக்டர்’. டென்ஷனுக்கு என்று தரும் ஃப்ளூபென்டிக்சால், மெலிட்ராசென் கூட்டு மாத்திரையிலும் இதே வம்பு.

வீட்டிலிருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு, இந்த வாரமே மருந்து எழுதிய டாக்டரிடம் எடுத்துப் போங்கள். டோஸைக் குறைப்பதோ, மருந்தை மாற்றுவதோ, தவிப்பையும் நடுக்கத்தையும் தணிக்கக் கொஞ்ச நாள் புரோப்ரனலால் என்ற மாத்திரையைச் சேர்ப்பதோ அவர் முடிவு செய்வார். வீசிங் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், புரோப்ரனலால் ஆகாது.

காய்ச்சல், கொட்டும் வியர்வை, உடல் விறைப்பு, குழப்பம் வந்தால், அதுவும் மூட்டு வலிக்கு டிரமடால் வேறு சாப்பிடுகிறார் என்றால், விடியட்டும் என்று இருக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள். ‘இந்தத் தவிப்புக்குச் செத்தே போகலாம்’ என்று அம்மா சொன்னாலும் அப்படித்தான், வெறும் புலம்பல் என்று விடாதீர்கள், தனியாக விடாதீர்கள். உடனே பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.