வயர்லெஸ்ஸா, சைபர் பாதுகாப்பா?

அன்புள்ள ஐயா,

தொலைத்தொடர்புப் பொறியியலில் முதுகலை முடிக்கப் போகிறேன். வயர்லெஸ் ஆராய்ச்சியில் ஆசை. நண்பர்களோ, இனி சைபர் பாதுகாப்புக்குத்தான் காலம் என்கிறார்கள். இரண்டிலும் கால் வைத்தால் அரைகுறை ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இந்த வேலை உண்மையில் எப்படி இருக்கும்?

எம்.

அன்புள்ள எம்.,

வைஃபையின் பூட்டில் ஓட்டை இருப்பதைக் காட்டி 2017ல் வெளிவந்த ‘கிராக்’ தாக்குதலைப் படித்திருப்பீர்கள். வைஃபையில் சேரும்போது போனும் ரவுட்டரும் நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும். மூன்றாவது வந்ததும் போன் சாவியை (தரவைப் பூட்டும் ரகசிய எண்ணை)ப் பொருத்தும், நான்காவதை அனுப்பும். அந்த நான்காவது காற்றில் தொலைந்துபோனால் ரவுட்டர் மூன்றாவதைத் திரும்ப அனுப்பும். போனும் அதே சாவியை மறுபடி பொருத்தும். ஒவ்வொரு பாக்கெட்டையும் (தரவுத் துண்டையும்) சாவியோடு ஒரு புது வரிசை எண்ணும் சேர்த்துத்தான் பூட்ட வேண்டும், அந்த எண்ணிக்கையோ பழைய இடத்துக்கே போய்விடும். ஒரே சாவி, ஒரே எண், இரண்டு வெவ்வேறு பாக்கெட். ஒட்டுக்கேட்பவருக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? நான்காவது செய்தியை அவரே தடுத்துவிட்டால் எல்லாம் தானாக நடக்கும்.

இந்தப் பரிமாற்றம் பாதுகாப்பானது என்று கணித நிரூபணமே இருந்தது. அது தப்பில்லை, சாவியை எத்தனை முறை பொருத்தலாம் என்பதை அது பார்க்கவில்லை, அவ்வளவுதான். செய்தி தொலையும் என்பது ரேடியோக்காரருக்கு அன்றாடம். நிரூபணம் எழுதுபவருக்கு அது அற்ப விஷயம். ஓட்டை இருவருக்கும் நடுவில் இருந்தது. கண்டுபிடித்த ஆய்வாளர் மேத்தி வான்ஹூஃப், வேறொரு கட்டுரையின் அடுத்த பத்தியை எழுதச் சோம்பல்பட்டு, பலமுறை படித்த ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் நிரலை வெறித்துக்கொண்டிருந்தவர். சாவியைப் பொருத்தும் இடத்தில் ‘இந்த ஃபங்ஷனை இரண்டு முறை அழைத்தால் என்ன ஆகும்?’ என்று தோன்றியிருக்கிறது. (உங்கள் வழிகாட்டியிடம் இதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள்.)

ஆகவே அரைகுறை பயம் வேண்டாம், ஆனால் ரேடியோவை முதலில் ஆழமாகப் படியுங்கள். பாதுகாப்பைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம். ரேடியோவுக்குக் கை பழக வேண்டும். டிவி பார்க்கச் செய்யப்பட்ட மலிவான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (கணினியில் செருகும் ரேடியோ ரிசீவர்) ஒன்று போதும். உங்கள் சொந்த கார் சாவியை அழுத்திவிட்டுக் கணினித் திரையில் ஓடும் அலைவரிசைப் படத்தைப் பாருங்கள்: அதன் நீலத்தில் ஒரு கணம் பளிச்சென்று கோடு விழும். அந்தக் கோட்டிலிருந்து பிட்டுகளைப் பிரித்தெடுக்க முயன்றால் பாடப்புத்தகத்தின் பாதி அத்தியாயங்கள் புரிந்துவிடும். அடுத்தவர் கருவிகளைத் தொடாதீர்கள், சட்டம் பாயும்.

வேலை நாள்? பெரும்பாலும் ஸ்டாண்டர்டு ஆவணங்களைப் படிப்பது, நேற்று வந்த அளவீடு இன்று ஏன் வரவில்லை என்று தேடுவது. பக்கத்து மேசையின் புளூடூத் ஹெட்செட்தான் காரணம் என்று மாலையில் தெரியவரும்.

யாரும் சொல்லாதது ஒன்று உண்டு. ஓட்டையைக் கண்டுபிடித்தாலும் உடனே பேச முடியாது, நிறுவனங்கள் அதை அடைக்க அவகாசம் தர வேண்டும். கிராக் பற்றி நிறுவனங்களுக்கு ஜூலையிலேயே தகவல் போக ஆரம்பித்தது. உலகுக்குத் தெரிந்தது அக்டோபர் 16 அன்று. அதனால் ஆய்வகத்தில் சேருமுன் கேளுங்கள்: மாணவர் கண்ட ஓட்டையை நிறுவனத்திடம் யார் சொல்வார்கள்? அதுவரை கட்டுரை முடங்கினால் பட்டம் தள்ளிப்போகுமா? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.