சிங்கப்பூர் வேலையை விட்டு ஊருக்குக் கிளம்புகிறவர் ராஜினாமா எழுதும் விதம்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் சிங்கப்பூர் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது, மன்னார்குடியில் அப்பாவால் வயலைத் தனியாகப் பார்க்க முடியவில்லை, ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் ஊரில் இருந்து குறுவைக்கு நாற்று விட வேண்டும், முதலாளி மனம் கோணாமல் எப்படி எழுதுவது?

நம் பக்கத்துப் பிள்ளைகளின் ராஜினாமா பெரும்பாலும் பள்ளிக்கூட லீவ் லெட்டர் மாதிரி இருக்கும். "பெரிய மனது வைத்து என்னை விடுவிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதாதீர்கள். இங்கே முறைப்படி நோட்டீஸ் கொடுத்து விலகுவதை முதலாளி மறுக்க முடியாது. நீங்களாக அனுமதி கேட்டால், "அடுத்த மாதம் பேசிக்கொள்ளலாம்" என்பார், தேதி இழுபடும். ஆள் தேட அவகாசம் விட்டுத் தேதியைச் சொல்வதும், கையில் இருக்கும் வேலையை ஒழுங்காக ஒப்படைப்பதும்தான் அவருக்கு நீங்கள் செய்யும் மரியாதை.

முதலில் வேலை ஒப்பந்தத்தை எடுத்து நோட்டீஸ் காலத்தைப் பாருங்கள். அதில் எதுவும் இல்லையென்றால் சட்டம் சொல்வது: 26 வாரத்துக்குக் குறைவான சர்வீஸுக்கு 1 நாள், 2 வருடத்துக்குள் 1 வாரம், 5 வருடத்துக்குள் 2 வாரம், அதற்கு மேல் 4 வாரம். ஒப்பந்தத்தில் ஒரு மாதம் என்று இருந்தால் அதுதான் கணக்கு. கடிதம் கொடுக்கும் நாளும் அதில் சேரும். மே 4 கொடுத்தால் கடைசி நாள் ஜூன் 3. இந்தக் கடைசி நாளை நீங்களே கணக்கிட்டுக் கடிதத்தில் போடுங்கள். "இம்மாத இறுதியில்" என்று விட்டால் ஆளாளுக்கு ஒரு தேதி சொல்வார்கள். சில வருடங்களில் அணை திறப்பு தள்ளிப்போகும். உங்கள் தேதி தள்ளக் கூடாது.

மீதி லீவ் இருந்தால் இரண்டு வழி. நோட்டீஸ் காலத்துக்குள் லீவ் எடுத்தால் முழு மாதச் சம்பளம் உண்டு, கடைசி நாள் மாறாது. லீவைக் கழித்து முன்னதாக விலகினால், விலகும் நாள் வரைதான் சம்பளம். எது வேண்டும் என்று மேலாளரிடம் பேசி முடித்துவிட்டுக் கடிதத்தில் எழுதுங்கள்.

கடிதம் அரைப் பக்கம் போதும். ஆங்கிலத்தில் அனுப்பினாலும் சாரம் இதுதான்:

"ஐயா, வணக்கம். குடும்பப் பொறுப்பு காரணமாக என் பணியிலிருந்து விலகுகிறேன். ஒப்பந்தப்படி இன்று, மே 4, ஒரு மாத நோட்டீஸ் கொடுக்கிறேன். என் கடைசி நாள் ஜூன் 3. அதற்குள் நடப்பு வேலைகளின் நிலையை எழுதித் தருவேன். எனக்குப் பதில் வருகிறவருக்குக் கூட இருந்து கற்றுத் தருவேன். வெல்டிங் ஆய்வு வேலையை அடியிலிருந்து சொல்லிக் கொடுத்ததற்கு உங்களுக்கும் குழுவுக்கும் நன்றி. பணி அனுபவச் சான்றிதழ் ஒன்று தந்தால் உதவியாக இருக்கும். ஜூன் 3க்குப் பிறகு என் சொந்த மின்னஞ்சலில் தொடர்புகொள்ளலாம்."

நன்றியில் கற்ற ஒரு வேலையைப் பெயர் சொல்லி எழுதினால்தான் ஒட்டும். "எல்லாவற்றுக்கும் நன்றி" யாருக்கும் பொருந்தும். காரணம் இரண்டு வார்த்தைக்கு மேல் வேண்டாம். அப்பாவின் முழங்கால், ஆள் கிடைக்காத நடவு எல்லாம் விரித்தால், "இரண்டு வாரம் லீவில் போய்விட்டு வா" என்று அவர் தீர்வு சொல்வார், நீங்கள் வாதாட வேண்டி வரும். ஓவர்டைம் பாக்கி போன்ற மனக்குறையும் இதில் வேண்டாம். அதற்குச் சம்பளத் தகராறுகளைப் பார்க்கும் டி.ஏ.டி.எம். என்ற அமைப்பு இருக்கிறது, கடைசி நாளிலிருந்து 6 மாதத்துக்குள் முறையிடலாம். ஆனால் பணம் கைக்கு வராமல் "எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மேலாளரிடம் நேரில் சொல்லிவிட்டு, அன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்புங்கள். எச்.ஆருக்கும் உங்கள் சொந்த முகவரிக்கும் ஒரு பிரதி போகட்டும். "கிடைத்தது" என்று பதில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி தட்டிவிட்டு இருந்துவிட வேண்டாம்.

பலர் மாட்டிக்கொள்வது வரி விஷயத்தில். நாம் குடியுரிமை இல்லாதவர்கள் என்பதால், விலகுவது தெரிந்ததும் உங்கள் வரிக் கணக்கை முடிப்பதற்கான ஐ.ஆர். 21 படிவத்தைக் கம்பெனி வரித்துறையிடம் தாக்கல் செய்ய வேண்டும், கடைசி நாளுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே. வரி தீரும் வரை உங்களுக்குச் சேர வேண்டிய பணத்தை நிறுத்திவைப்பார்கள். முதலாளி கோபத்தில் செய்கிறார் என்று சண்டைக்குப் போகாதீர்கள், அது சட்டம். ஆகவே கடைசிச் சம்பளத்தை நம்பி விதை நெல்லுக்கும் உழவுக்கும் கணக்குப் போட வேண்டாம். ஒரு மாதச் செலவைத் தனியாக எடுத்துவையுங்கள். பாக்கி வந்து சேரும்வரை இங்குள்ள வங்கிக் கணக்கை மூடாதீர்கள். கடைசி நாளை எச்.ஆர். எழுத்தில் உறுதி செய்த பிறகே திருச்சி டிக்கெட் எடுங்கள்.