வேலையை விட்டு எம்.பி.ஏ.வா, வேலையோடு எம்.பி.ஏ.வா?

உங்கள் மகனுக்கு 27 வயது, மென்பொருள் துறையில் ஐந்து ஆண்டு அனுபவம், கைக்கு வருவது மாதம் ₹55,000. வேலையை விடச் சொல்வதா, வார இறுதி வகுப்பில் சேர்ப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபீஸைப் பார்ப்பதற்கு முன் அவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: படித்து முடித்ததும் இதே துறையில் மேலே போக வேண்டுமா, வேறு துறைக்கே மாற வேண்டுமா?

மாற வேண்டுமென்றால் முழுநேரப் படிப்புதான் சரி. இரண்டாண்டுப் படிப்பில் முதலாண்டு முடிந்ததும் எட்டு முதல் பத்து வாரம் இன்டர்ன்ஷிப் உண்டு. ஐ.டி.யிலிருந்து மார்க்கெட்டிங்குக்கோ நிதித்துறைக்கோ தாண்டுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் கால் ஊன்றுகிறார்கள். அதன்பின் கேம்பஸ் இன்டர்வியூ. பகுதிநேர மாணவர்களுக்குப் பெரும்பாலான கல்லூரிகளில் இந்த இரண்டும் கிடையாது. சேர்ந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு மனமுடைபவர்கள் நிறைய. இப்போதிருக்கும் நிறுவனத்திலேயே டீம் லீடிலிருந்து மேனேஜர் ஆவதுதான் நோக்கம் என்றால், வேலையை விடத் தேவையே இல்லை.

இப்போது பணம். ஃபீஸும் விடுதியும் ₹15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இழக்கும் சம்பளம் 24 மாதத்துக்கு ₹13.2 லட்சம். ஆக உண்மையான செலவு ₹28 லட்சத்துக்கு மேல். பெற்றோர் பலர் இந்த இரண்டாவது தொகையைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ₹15 லட்சத்தையும் 10% வட்டியில் கடனாக எடுத்து, ஆண்டுக்குப் பாதியாக வாங்கினால், படிப்பு முடியும்போதே வட்டி ₹2.25 லட்சம் ஏறியிருக்கும். தவணை தள்ளிவைக்கப்படுமே தவிர வட்டி நிற்காது. அதையும் சேர்த்து ஏழு ஆண்டில் அடைக்க மாதம் சுமார் ₹28,600 கட்ட வேண்டும். கல்லூரியின் பிளேஸ்மென்ட் அறிக்கையில் சராசரிச் சம்பளத்தைப் பார்க்காதீர்கள், நாலைந்து பெரிய சம்பளம் அதை உயர்த்திக் காட்டிவிடும். எல்லாச் சம்பளத்தையும் வரிசைப்படுத்தினால் சரியாக நடுவில் வரும் நடுநிலைச் சம்பளத்தை, அதாவது மீடியனைக் கேளுங்கள். அதில் இந்தத் தவணை போக வீட்டு வாடகையும் சாப்பாடும் நிற்குமா என்று பாருங்கள்.

ஐந்தாண்டு அனுபவத்துக்கு மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது: அகமதாபாத், பெங்களூரு, கொல்கத்தா ஐ.ஐ.எம்.களின் ஓராண்டு முழுநேரப் படிப்பு. நுழைவுக்கு ஜிமேட் அல்லது ஜி.ஆர்.இ. என்ற சர்வதேச நுழைவுத் தேர்வின் மதிப்பெண் வேண்டும். சம்பள இழப்பு பாதியாகும், ஆனால் ஃபீஸ் ₹30 லட்சத்தை ஒட்டியும் அதற்கு மேலும் போகும். ஐ.ஐ.எம்.கள் நடத்தும் கேட் (CAT) நுழைவுத் தேர்வு வழியாக இரண்டாண்டுப் படிப்புக்குப் போனால் கூடப் படிப்பவர்களில் பலர் கல்லூரியை அப்போதுதான் முடித்தவர்களாக இருப்பார்கள். கேட் நவம்பரில் நடக்கும், பதிவு ஆகஸ்டில் தொடங்கிச் செப்டம்பரில் முடிந்துவிடும்.

பகுதிநேரப் படிப்பை எளிது என்று நினைத்துவிட வேண்டாம். சனி, ஞாயிறு வகுப்பு போக வாரத்துக்குப் பத்து மணி நேரமாவது படிப்புக்கும் குழு வேலைக்கும் ஒதுக்க வேண்டும். பாடம் கடினமாக இருப்பதால் பாதியில் நிறுத்துபவர்கள் குறைவு. இரவு ஷிஃப்ட், வார இறுதியில் மென்பொருள் ரிலீஸ், திடீர் இடமாற்றம், இவற்றால் வருகைப்பதிவு குறைந்துதான் பரீட்சை எழுத முடியாமல் போகிறது. அதனால் சேருமுன் மேனேஜரிடம் பேசி, எச்.ஆரிடம் என்.ஓ.சி. (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) வாங்கச் சொல்லுங்கள். ஊர் மாறினால் அடுத்த பேட்சில் தொடர முடியுமா என்று கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள்.

‘எக்ஸிகியூட்டிவ்’ என்ற பெயரில் ஓராண்டுக்குள் முடியும் ஆன்லைன் வகுப்புகள் பல வெறும் சான்றிதழ்தான், பட்டம் அல்ல. பல்கலைக்கழக எம்.பி.ஏ. என்றால் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரத்தையும், தனியார் நிறுவனத்தின் பி.ஜி.டி.எம். (மேலாண்மை முதுநிலை டிப்ளமோ) என்றால் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) ஒப்புதலையும் அந்தந்த இணையதளத்திலேயே பாருங்கள், விளம்பரத்தில் பார்த்தால் போதாது.

அலுவலகமே ஃபீஸ் கட்டுகிறது என்றால், படிப்புக்குப் பின் எத்தனை ஆண்டு அங்கேயே இருக்க வேண்டும், இடையில் விலகினால் முழுத் தொகையா, மீதிக் காலத்துக்கு மட்டுமா என்பதைக் கையெழுத்துக்கு முன் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.